நெனானாவில் பனி எப்போது உடையும்? முதல்முறை சீட்டு எழுதுபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

அலாஸ்காவில் முதல் குளிர்காலத்தைக் கழிப்பவர்கள் பிப்ரவரியில் மளிகைக் கடைக்குப் போனால், கல்லாவுக்குப் பக்கத்தில் சிவப்பு டப்பா ஒன்று உட்கார்ந்திருப்பதைக் கவனிப்பார்கள். உண்டியல் என்று நினைத்துச் சில்லறையைப் போட்டுவிட வேண்டாம். அது ‘நெனானா ஐஸ் கிளாசிக்’ போட்டியின் சீட்டுப் பெட்டி. உறைந்து கிடக்கும் டனனா ஆற்றின் பனி எந்த மாதம், எந்தத் தேதி, எத்தனை மணி எத்தனை நிமிடத்துக்கு உடைந்து நகரும் என்று சீட்டில் எழுதி அதில் போட வேண்டும். சரியான நிமிடத்தை எழுதியவருக்குப் பரிசு. 2014இல் அந்தப் பரிசு 3,63,627 டாலர்.

வழக்கம் பழையது. அலாஸ்கா ரயில்பாதை வேலைக்காக வந்து, குளிர்காலம் எப்போது முடியும் என்று காத்துக்கிடந்த பொறியாளர்கள் 1917இல் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு 800 டாலர் சேர்த்துப் பந்தயம் கட்டினார்கள். அந்த ஆண்டு ஏப்ரல் 30 காலை 11.30க்குப் பனி உடைந்தது. அதற்குப் பிறகு ஒரு வசந்தத்தைக்கூட விடாமல் நேரத்தைக் குறித்து வைத்திருக்கிறார்கள். ஃபேர்பேங்க்ஸ் நகரத்திலிருந்து தென்மேற்கே சுமார் 55 மைல் தூரத்தில் இருக்கும் நெனானாவில் நானூறு பேர்கூட இல்லை. ஆனால் ஏப்ரல் மாதத்தில் மாநிலம் முழுவதும் அந்த ஊர் ஆற்றைப் பற்றித்தான் பேசும்.

இது முழுக்க முழுக்க அதிர்ஷ்டம் என்று சொல்பவர்கள் உண்டு. கணக்குப் போட்டால் பிடித்துவிடலாம் என்று நோட்டுப் புத்தகத்தோடு திரிபவர்களும் உண்டு. இரண்டு பேர் சொல்வதிலும் பாதிதான் சரி. தேதியை ஓரளவு கணிக்க முடியும், அதற்கு ஆற்றைப் படிக்க வேண்டும். நிமிடத்தைக் கணிக்க முடியாது. அங்கே பார்க்க வேண்டியது மற்றவர்கள் என்ன எழுதுவார்கள் என்பதைத்தான். புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: தேதியை மனம்போன போக்கில் எழுதிவிட்டு நிமிடத்துக்கு மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள்.

முதலில், எதை ஊகிக்கிறோம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஆற்றில் பனி முழுவதும் கரைந்து போகும் நாளை அல்ல. முதல் விரிசல் விழும் நேரத்தையும் அல்ல. கரையில் இருக்கும் ஒரு கடிகாரம் நிற்கும் நிமிடத்தை ஊகிக்கிறோம். போட்டி முழுவதும் இந்த ஒரு வரியில்தான் நிற்கிறது.

மார்ச் மாத முதல் வார இறுதியில் ஊரே திரண்டு ஆற்றின் நடுப்பக்கமாகப் பனியின் மேல் ஒரு மரச்சட்டத்தை நிறுத்துகிறது. கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை அடித்த, நான்கு கால்கள் கொண்ட சட்டம். ஊர் அதை ‘ட்ரைபாட்’ என்றுதான் அழைக்கிறது, நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம். பனியில் இரண்டு அடி ஆழத்துக்குக் குழி வெட்டி அதை ஊன்றுகிறார்கள். குழியில் ஊற்றிய தண்ணீர் உறைந்ததும் சிமென்ட் போட்டதுபோல் பிடித்துக்கொள்ளும். அதிலிருந்து கரையிலுள்ள காவல் கோபுரத்துக்கு ஒரு கம்பி போகிறது.

பனி நகரத் தொடங்கி ட்ரைபாட் ஆற்றோடு இழுபட்டதும் கம்பி விறைத்து முதலில் ஒரு சங்கு ஊதும். கோபுரத்தில் இரவு பகலாக ஆள் இருப்பார்கள், அந்தச் சத்தம் அவர்களுக்கும் ஊருக்கும் எச்சரிக்கை. ஆனால் கடிகாரம் அப்போது நிற்காது. சட்டம் 100 அடி தூரம் கீழே போன பிறகுதான் நிற்கும். அந்த இடத்தில் கப்பிகளும் கயிறுகளும் சேர்ந்த ஒரு ஏற்பாடு வேலை செய்கிறது: கம்பியின் இழுப்பில் கசாப்புக் கத்தி ஒன்று விழுந்து கயிற்றை வெட்டும், கடிகாரத்தின் ஊசி பிடுங்கப்படும், நேரம் அப்படியே நிற்கும். செயற்கைக்கோள்கள் மேலே சுற்றும் காலத்தில் இன்னமும் கறி வெட்டும் கத்தியை நம்புகிறார்களே என்று சிரிக்கலாம். நூறு ஆண்டுகளுக்கு மேலான பதிவை ஒரே இடத்தில், ஏறக்குறைய ஒரே முறையில் எடுத்திருப்பதால்தான் அதற்கு மதிப்பு.

இதனால் உங்களுக்கு என்ன? ட்ரைபாட் சாய்ந்துவிட்டது, கரையோரம் தண்ணீர் தெரிகிறது, நடுவில் பனி கறுத்துவிட்டது என்றெல்லாம் செய்தி வரும். அவற்றுக்கும் கடிகாரம் நிற்பதற்கும் நடுவே பல மணி நேரமோ சில நாட்களோ கழியலாம். உங்கள் சீட்டு கடிகாரத்தைப் பற்றியது மட்டுமே.

ஒரு மணி நேரப் பொறி

அமெரிக்காவில் மார்ச் மாத இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைப்பார்கள். ஐஸ் கிளாசிக் கடிகாரத்தை யாரும் தள்ளுவதில்லை. அது ஆண்டு முழுவதும் அலாஸ்கா ஸ்டாண்டர்டு நேரத்தில் ஓடுகிறது. உங்கள் கைப்பேசி மாலை 4 மணி என்று காட்டும்போது போட்டிக்கு 3 மணிதான். மாலை நாலரைக்கு உடையும் என்று நினைப்பவர் சீட்டில் மூன்றரை என்று எழுத வேண்டும். முந்தைய ஆண்டுகளின் பட்டியலும் இந்த நேரத்தில்தான் இருக்கிறது, அதோடு ஒப்பிடுகையில் குழம்ப வேண்டாம். செய்தித்தாள்கள் சில சமயம் ஊர் நேரத்தில் எழுதிவிடும். 2013ஆம் ஆண்டின் நேரம் 2.41 என்றும் 3.41 என்றும் இரண்டு விதமாகக் கண்ணில் படுவது அதனால்தான்.

தமிழ்நாட்டிலிருந்து வெப்கேமராவில் பார்ப்பவர்கள் போட்டி நேரத்தோடு பதினான்கரை மணி நேரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். அங்கே பிற்பகல் 3 மணி என்றால் இங்கே மறுநாள் விடியற்காலை ஐந்தரை.

தேதியைத் தேர்ந்தெடுத்தல்

ஏப்ரல் 5ஆம் தேதியோடு சீட்டு விற்பனை முடிந்துவிடுகிறது. தொடங்குவது பிப்ரவரி 1. பனி எப்போது உடையும் என்பதைப் பெருமளவு தீர்மானிப்பது ஏப்ரல் மாத வானிலை. அதாவது விடையை எழுதித் தரப்போகும் மாதம் தொடங்கும்போது கேள்வித்தாளைத் திருப்பி வாங்கிவிடுகிறார்கள். இந்தப் போட்டியில் எனக்குப் பிடித்த இடமே இதுதான். குளிர்காலத்தில் திரட்டிய தகவல் எல்லாம் பாதி வழிதான் கொண்டு போகும்.

ஆகவே முதலில் வரலாற்றிலிருந்து ஒரு அடிப்படைத் தேதியை எடுங்கள். நூற்றுச் சொச்சம் ஆண்டுகளின் சராசரி மே மாத முதல் வாரத்தில் வரும். அதை அப்படியே எழுதினால் பழைய காலத்துக்குப் பந்தயம் கட்டியதாக ஆகும். 2001இல் ரஃபேல் சாகரின், ஃபியோரென்சா மிக்கெலி என்ற இரு அறிவியலாளர்கள் இந்தப் பதிவுகளை ஆராய்ந்து, 1917இலிருந்து பனி உடையும் நாள் ஏறத்தாழ ஐந்தரை நாள் முன்னுக்கு நகர்ந்திருக்கிறது என்று ‘சயின்ஸ்’ இதழில் எழுதினார்கள். பந்தயக்காரர்களின் பட்டியல் காலநிலை ஆய்வுக்குச் சான்றானது அப்படித்தான். லட்சக்கணக்கில் பணம் புரளும் இடத்தில் யாரும் நேரத்தைச் சும்மா தோராயமாகக் குறிக்க விடமாட்டார்கள் அல்லவா?

அதற்குப் பின் நகர்வு நிற்கவில்லை. 2014 முதல் 2024 வரை வரிசையாகப் பாருங்கள்: ஏப்ரல் 25, ஏப்ரல் 24, ஏப்ரல் 23, மே 1, மே 1, ஏப்ரல் 14, ஏப்ரல் 27, ஏப்ரல் 30, மே 2, மே 8, ஏப்ரல் 27. பதினோரு ஆண்டுகளில் மே 2ஐத் தாண்டியது ஒரே ஒரு முறை, 2023இல். என் கணக்கில் தொடக்கப் புள்ளி ஏப்ரல் 28 அல்லது 29. அங்கிருந்துதான் முன்னே பின்னே நகர வேண்டும்.

நகர்த்துவதற்கு மூன்று தகவல்கள் போதும்.

பனியின் கனம். ட்ரைபாட் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் துளையிட்டு அளந்து, போட்டி நடத்துபவர்களே அங்குலக் கணக்கில் வெளியிடுகிறார்கள். 40 அங்குலத்தை ஒட்டி இருந்தால் சாதாரணம், அதைப் பார்த்துத் தேதியை மாற்ற வேண்டாம். அதிலிருந்து வெகுவாக விலகியிருந்தால் மட்டும் ஒன்றிரண்டு நாள் நகர்த்துங்கள். கனமான பனி தாமதமாக உடையும் என்பது பார்ப்பதற்கு நியாயமாகத் தோன்றினாலும், கனத்துக்குக் கொடுக்கும் மரியாதையை இந்தப் போட்டியில் பலர் அளவுக்கு மீறிக் கொடுக்கிறார்கள்.

மேலே கிடக்கும் வெண்பனி, அதாவது வானிலிருந்து விழுந்து குவிந்த பனி. இது இரண்டு பக்கமும் வெட்டும். குளிர்காலத்தில் ஆற்றுப்பனியின் மேல் தடிமனாக வெண்பனி மூடியிருந்தால் அது கம்பளிபோல் குளிரைத் தடுத்து, கீழே பனி கனக்காமல் பார்த்துக்கொள்ளும். அதே வெண்பனி ஏப்ரலில் வெயிலைத் திருப்பி அனுப்பி உருகலைத் தள்ளிப்போடும். மலைச்சரிவுகளில் கிடக்கும் வெண்பனியோ உருகி ஆற்றுக்குள் வந்து பனித்தட்டைக் கீழிருந்து தூக்கும். சீட்டு எழுதும் நேரத்தில் நிறைய வெண்பனி இருந்தால் அவசரப்படாமல் ஓரிரு நாள் தள்ளியே எழுதுவேன்.

வரும் வாரங்களின் வெப்பநிலை. மூன்றிலும் எடை கூடியது இதுதான். அமெரிக்க வானிலைத் துறை மாத முன்கணிப்பை மார்ச் கடைசியில் வெளியிடும். அதே துறையின் அலாஸ்கா ஆற்று முன்கணிப்பு மையம் வசந்தகாலத்தில் எந்த ஆறு எப்போது திறக்கும் என்று தனியாகவே கணித்துச் சொல்லும். எல் நினோ குளிர்காலம் என்றால் அலாஸ்காவில் பெரும்பாலும் வெப்பம் கூடுதல், தேதி முன்னால் வரும். 2019இல் மார்ச் மாதமே அலாஸ்காவில் அதுவரை காணாத வெப்பம். பனி ஏப்ரல் 14 நள்ளிரவு 12.21க்கே போய்விட்டது. அதற்கு முன்பிருந்த சாதனை ஏப்ரல் 20. ஒரே தாவலில் ஆறு நாள்! மறுபக்கம் 2013: ஏப்ரல் முழுவதும் கடுங்குளிர். பனி மே 20 பிற்பகல் 2.41 வரை அசையவில்லை.

இந்தக் கடைசித் தேதியில் கணக்குப் பிரியர்களுக்கு ஒரு சின்ன வழக்கு உண்டு. 1964இலும் மே 20தான், காலை 11.41. நாட்காட்டிப்படி 2013 மூன்று மணி நேரம் தாமதம். ஆனால் 1964 லீப் ஆண்டு. ஆண்டின் 141ஆவது நாள் அது, 2013இல் 140ஆவது. நாள் எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் பழைய சாதனையே பெரிது. சீட்டு எழுத இது தேவையில்லை. காப்பிக் கடை வாக்குவாதத்துக்குத் தேவைப்படும்.

மணியும் நிமிடமும்

மணியைக் கணிப்பதற்கு ஓரளவு காரணம் இருக்கிறது. ஏப்ரல் கடைசியில் அந்த ஊரில் நாளுக்கு ஆறேழு நிமிடம் பகல் நீளுகிறது, மே 1 வாக்கில் பகல் பதினேழு மணி நேரம். வெயில் பட்டுப் பட்டுப் பனி உள்ளுக்குள் செங்குத்தான ஊசிகளாகப் பிரிகிறது. அங்கே அதை மெழுகுவர்த்திப் பனி என்பார்கள். அந்த நிலையில் ஒரு அடி கனம் இருந்தாலும் பலம் இருக்காது, கீழிருந்து தண்ணீர் உயர்ந்தால் பிளந்துவிடும். நெனானா தன் நேர மண்டலத்தில் மேற்கே தள்ளி இருப்பதால் போட்டிக் கடிகாரப்படி சூரியன் உச்சிக்கு வருவதே ஏறக்குறைய 1 மணிக்கு. வெப்பம் உச்சத்தைத் தொட 3, 4 ஆகிவிடும். மேலே சொன்ன பதினோரு ஆண்டுகளில் ஒன்பது முறை கடிகாரம் நின்றது நண்பகல் 12க்கும் மாலை 7க்கும் இடையில்தான். விலகிய இரண்டு: 2019இன் நள்ளிரவும், 2024இன் விடியற்காலை 5.18உம்.

பிற்பகல் என்று முடிவு செய்தீர்களா, இனி ஆற்றை மறந்துவிட்டு மனிதர்களைப் பாருங்கள். பரிசுத் தொகை, சரியான நிமிடத்தை எழுதிய அத்தனை சீட்டுகளுக்கும் சமமாகப் பிரிகிறது. 2017இல் பனி மே 1 அன்று மிகச் சரியாக நண்பகல் 12.00க்கு உடைந்தது. அந்த நிமிடத்தை எழுதியிருந்த சீட்டுகள் 42. மொத்தம் 2,67,444 டாலர் இருந்தும் ஒரு சீட்டுக்கு 6,400 டாலர்கூடத் தேறவில்லை. முழு மணி, அரை மணி, கால் மணி, 12.34, 3.33, 4.44 போன்றவற்றைத் தொடாதீர்கள். சென்ற ஆண்டு வந்த நிமிடத்தையும் பழைய சாதனை நிமிடங்களையும் விட்டுவிடுங்கள், அவற்றை மற்றவர்கள் ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருப்பார்கள். 2.47, 3.52, 1.38 மாதிரி யாருக்கும் எந்த நினைவையும் கிளப்பாத நிமிடமே உத்தமம். உடைவதற்கான வாய்ப்பு 3.00க்கும் 3.02க்கும் ஒன்றுதான். பங்குக்கு வருபவர்களின் எண்ணிக்கைதான் வேறு.

எல்லா நிமிடத்தையும் வளைத்துவிட்டால் என்ன என்ற யோசனை எல்லாருக்கும் ஒரு முறை வரும். கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். ஏப்ரல் 22 முதல் மே 8 வரை பதினேழு நாள், தினமும் நண்பகல் முதல் மாலை 7 வரை என்று வைத்தால் 7,140 நிமிடங்கள். சீட்டு 3 டாலர் வீதம் 21,420 டாலர். இவ்வளவையும் கொட்டியும் 2019இலும் 2024இலும் வெறுங்கையோடுதான் நின்றிருப்பீர்கள். 2017இல் வென்றாலும் போட்டதில் மூன்றில் ஒரு பங்குகூடத் திரும்பியிருக்காது. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பதை இந்த இடத்தில் எழுத்துக்கு எழுத்து அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

எத்தனை சீட்டு வாங்குவது? நான்கைந்து போதும். அவற்றை ஒரே நாளின் அடுத்தடுத்த நிமிடங்களில் குவிக்காமல் நீங்கள் நம்பும் தேதிக்கு முன்னும் பின்னும் இறைத்துவிடுங்கள். வெல்லும் வாய்ப்பு இதனால் கூடிவிடாது. ஆனால் ஏப்ரல் 25 காலையிலேயே ஆட்டம் முடிந்துபோகாமல் கடைசிவரை ஆற்றைக் கவனிக்க ஒரு காரணம் இருக்கும்.

சீட்டை எழுதும்போது

அந்த ஆண்டின் விதிகளை முதலில் படியுங்கள். விலை நீண்ட காலம் இரண்டரை டாலராக இருந்து பிறகு 3 டாலர் ஆனது.

முற்பகலா பிற்பகலா என்பதைத் தெளிவாகக் குறியுங்கள். பலர் தடுக்கி விழுவது 12 மணியில். நண்பகல் 12.20 பிற்பகல் கணக்கு, நள்ளிரவு 12.20 முற்பகல் கணக்கு. இதைத் தலைகீழாகக் குறித்தவர்கள் சரியான நிமிடத்தைச் சொல்லியும் பன்னிரண்டு மணி நேரம் தள்ளிப் போயிருப்பார்கள். எண்களை அடித்துத் திருத்தாமல் எழுதுங்கள். 1ஐயும் 7ஐயும் அடுத்தவர் பிரித்தறியும்படி எழுதுங்கள். லட்சக்கணக்கில் வந்து குவியும் சீட்டுகளை ஊர்க்காரர்கள் கையால் பிரித்துப் பதிகிறார்கள். நெனானாவில் பலருக்கு அந்தச் சில வாரங்கள் சம்பளம் கிடைக்கும் பருவம். உங்கள் கையெழுத்தைப் படிக்கப் போவது அவர்கள்தான்.

அலுவலகத்திலோ குடும்பத்திலோ கூட்டுச் சேர்ந்து வாங்குவது சகஜம். அப்படிச் செய்தால் யார் எவ்வளவு போட்டார்கள், எந்தெந்த நிமிடங்கள் கூட்டுக்கு, எவை தனக்குத் தனியாக என்பதைச் சீட்டு போடும் முன்பே எழுதி எல்லாரிடமும் ஒரு படி இருக்கட்டும். பரிசு விழுந்த பிறகு எழுதும் ஒப்பந்தத்தில் உறவு மிஞ்சாது. போட்ட எல்லாச் சீட்டுகளின் விவரத்தையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

விற்பனைப் பணத்தில் ஒரு பகுதிதான் பரிசு. மீதி நடத்தும் செலவுக்கும் அறப்பணிகளுக்கும் போகிறது. பரிசு மீது அமெரிக்க வருமான வரியும் உண்டு, ஆகவே செய்தியில் வரும் தொகை வேறு, கைக்கு வருவது வேறு.

காத்திருக்கும் வாரங்கள்

ஏப்ரல் 5க்குப் பிறகு உங்கள் கையில் ஒன்றும் இல்லை. இரவிலும் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே போகவில்லை என்றால் உருகல் ஓயாமல் நடக்கிறது என்று அர்த்தம். பனி வெள்ளையிலிருந்து சாம்பலாகி, கறுத்து, கரையை விட்டுப் பிரிந்தால் நாட்கள் குறைவு.

நேரில் பார்க்க ஆசையென்றால் ஃபேர்பேங்க்ஸிலிருந்து பார்க்ஸ் நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலே. கரையில் நிற்கலாம், கோபுரத்தைப் பார்க்கலாம், ரயில் நிலையத்தையும் பார்த்துவிட்டு வரலாம்: அலாஸ்கா ரயில்பாதை நிறைவுற்றதன் அடையாளமாக 1923இல் அதிபர் வாரன் ஹார்டிங் தங்க ஆணி அடித்தது இந்த ஊரில்தான். படம் எடுப்பதற்காக ஏப்ரலில் ஆற்றுப்பனியின் மேல் கால் வைக்க வேண்டாம். மார்ச்சில் லாரியைத் தாங்கிய அதே பனி அப்போது ஆளைத் தாங்காது. மேலே கனமாகத் தெரிவதை நம்பக் கூடாது. உடையும் நேரத்தில் பனிப்பாளங்கள் கரையின் மேலும் ஏறி வரும், கீழே அடைபட்டால் தண்ணீர் மளமளவென்று உயரும். சங்கு ஊதினால் மேட்டுக்கு வந்துவிடுங்கள்.

நெனானாவில் பழகியவர்கள் அடுத்துப் பார்க்க வேண்டியது கனடாவின் டாசன் சிட்டி. யூகான் ஆற்றில் அங்கே 1896 முதல் பனி உடையும் நேரத்தைப் பதிவு செய்து வருகிறார்கள், பந்தயமும் உண்டு. சின்ன அளவில் வேண்டுமென்றால் வெர்மான்ட் மாநிலத்து ஜோஸ் பாண்ட் ஏரி. அங்கே ட்ரைபாட் எல்லாம் கிடையாது. ஒரு சிமென்ட் கல்லைப் பனியின் மேல் வைத்துக் கடிகாரத்தோடு கட்டி வைக்கிறார்கள், கல் மூழ்கினால் நேரம் நிற்கும். ஏரிப்பனி நகர்ந்து போவதில்லை, நின்ற இடத்திலேயே கரைகிறது. அதனால் நெனானாவில் கற்ற தண்ணீர்மட்டக் கணக்கு அங்கே உதவாது, வெப்பநிலையை மட்டும் பார்த்தால் போதும்.